நாற்பது ஜிபியில் ஒரு பாகப்பிரிவினை

2012 ஆடி மாதத்தில் ஒரு நாள். காலையில் ஆட்டோவில் ஆறு சிபியூ வந்து என் கடைத் திண்ணையில் இறங்கின. எல்லாம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கம்ப்யூட்டர் லேப்பில் இருந்தவை. விண்டோஸை அடியோடு எடுத்துவிட்டு லினக்ஸ் மட்டும் வைக்க வேண்டும், இடம் போதவில்லை என்றார் கூட வந்த டீச்சர். சாயங்காலம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பிளஸ் டூ பையன் வந்தான். தோளில் தமிழ்நாடு அரசு கொடுத்த மடிக்கணினி. "அண்ணே, இதுல பாஸ்னு ஒண்ணு கெடக்கு. அத எடுத்துட்டு அந்த எடத்த விண்டோஸுக்குக் குடுங்க. படம் வைக்க எடமே இல்ல" என்றான்.

இரண்டு வேலையும் ஒரே மேசையில், ஒரே நாளில். காலையில் எதைத் துடைத்தேனோ, அதற்கு இடம் உண்டாக்கித் தரச் சொல்லிச் சாயங்காலம் ஒருவன் நிற்கிறான். இந்தத் தொழிலின் சரித்திரத்தை எங்கள் தனுவச்சபுரத்தில் இருந்துகொண்டு பார்த்தால்தான் இப்படி இரண்டு முகமும் தெரியும்.

ஊர், நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரையையும் சேர்க்க வேண்டும் என்று நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. கோடு களியக்காவிளையோடு நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுபோன தமிழ் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அடுக்களையில் தமிழ், ஆபீசில் மலையாளம். என் கடையில் கல்யாணக் குறிகள், அதாவது அழைப்பிதழ்கள், இரண்டு மொழியிலும் அச்சுக்குத் தயாராகும். கணினி பழுது பார்ப்பது அதோடு சேர்ந்து வந்த வேலை.

கேரளப் பள்ளிகளுக்குக் கணினி வந்தது ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில். யு.ஆர். ராவ் தலைமையிலான குழு சொன்னதன்பேரில் 2001இல் தொடங்கியது. அதே வருஷம் ஜூலையில் சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தாலும் ஒன்றோடொன்று சேர நாளாயிற்று. முதலில் பாடம் விண்டோஸை வைத்துத்தான் எழுதப்பட்டது. அரசுப் பணத்தில் பிள்ளைகளை ஒரு கம்பெனியின் சரக்குக்குப் பழக்குவதா என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. கொஞ்சம் கொஞ்சமாக டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து செய்த ஐடி அட் ஸ்கூல் லினக்ஸ் லேப்புகளுக்குள் வந்தது. 2008இல் எஸ்எஸ்எல்சி ஐடி தேர்வே முழுக்க லினக்ஸில் நடந்தது. இது மிகப் பெரிய காரியம் என்பது என் தீர்மானமான எண்ணம். லட்சக்கணக்கான பிள்ளைகள் உரிமம் வாங்காமல், திருட்டு சிடி தொடாமல் கணினி படித்தார்கள்.

ஆனால் லேப் மாறியதே தவிர டிஸ்க் முழுதாக மாறவில்லை. அந்தக் காலத்து 40 ஜிபி டிஸ்கில் விண்டோஸ் எக்ஸ்பி முன்னாலும் லினக்ஸ் பின்னாலும் இருக்கும். மெஷினைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். மேலே லினக்ஸ் வரிகள், கடைசி வரியில் விண்டோஸ். பரீட்சை லினக்ஸில் என்றான பிறகும் அந்தக் கடைசி வரியை யாரும் எடுக்கவில்லை. ஆபீஸ் கடிதம், கேள்வித்தாள், சம்பளக் கணக்கு எல்லாம் பழகின இடத்திலேயே நடந்தன.

டிஸ்கைப் பாகம் வைப்பது எப்படி என்று ஆட்கள் கேட்டால் நான் நிலத்தைக் காட்டித்தான் சொல்வேன். எங்கள் பக்கம் பாகப்பிரிவினை ஆனால் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு என்ற பெயர் மாற்றம் செய்து, தண்டப்பேர் என்ற புதுக் கணக்கில்தான் கரம் கட்ட வேண்டும். டிஸ்கின் தண்டப்பேர் பதிவேடு அதன் முதல் 512 பைட்டில் இருக்கிறது. 446 பைட் துவக்க நிரலுக்கு, 64 பைட் பாகக் கணக்குக்கு, 2 பைட் முத்திரைக்கு. பாகம் ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கே பாகம். 1983இல் ஐபிஎம் எக்ஸ்டி 10 எம்பி டிஸ்கோடு வந்தபோது டாஸ் 2.0 கொண்டுவந்த ஏற்பாடு இது. ஒரே டிஸ்கில் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளம் இருக்கலாம் என்று அன்றைக்கே நினைத்துச் செய்திருக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து என் மேசைக்கு வந்த மெஷின்களிலும் அதே 64 பைட்தான்.

பாகத்தை அழிப்பது என்றால் அந்தப் பதினாறு பைட்டைத் துடைப்பது. நிலத்தில் நிற்கும் தென்னையை யாரும் வெட்டவில்லை. பதிவேட்டில் பேர் மட்டும் போயிற்று. அதனால்தான் தவறி அழித்த பாகத்தை டெஸ்ட்டிஸ்க் என்ற நிரலைக் கொண்டு பத்து நிமிஷத்தில் திரும்ப எழுத முடிகிறது. அதன் மேல் புதிதாக ஏதும் எழுதாத வரைக்கும்தான்.

அழிப்பதைவிட, காலியான இடத்தை மற்றவனோடு சேர்ப்பதுதான் பாடு. லினக்ஸ் பின்னால், விண்டோஸ் முன்னால். முன்னால் உள்ளதை எடுத்தால் பின்னால் இருப்பவன் இடப்பக்கமாக நகர்ந்து வர வேண்டும். ஜிபார்ட்டெட் என்ற நிரல் அதைச் செய்யும். ஆனால் இருக்கும் தரவு முழுவதையும் ஒரு துண்டு விடாமல் முன்னுக்குத் தூக்கி எழுதும். மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் இரண்டும் போச்சு. ஆடி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? நான் யுபிஎஸ் பேட்டரியை நம்பாமல், அந்த ஆறு மெஷினிலும் டிஸ்க் முழுவதையும் துடைத்துப் புதிதாகவே லினக்ஸ் போட்டேன். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

பையனுடைய மடிக்கணினியில் வேலை சுலபம். தமிழ்நாட்டில் அரசின் எல்காட் நிறுவனம் 2007இலேயே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியிருந்தது. அப்போது உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநர். 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டம் வந்தபோது விண்டோஸும் பாஸும் சேர்த்தே கொடுத்தார்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாக வைத்துச் செய்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென்றே உருவானது. பள்ளிப் பரீட்சை எதுவும் அதில் நடக்காததால் பிள்ளைகளுக்கு அது இடம் பிடித்த ஒரு பொருளாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் பாடமும் பரீட்சையும் லினக்ஸுக்குப் பின்னால் நின்றன. அந்தப் பக்கம் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்ததோடு சரி. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து பாஸின் பாகங்களை அழித்தேன். பட்டை பச்சையானது. பச்சை என்றால் அந்தப் பாகங்களை உள்ளே வைத்திருந்த எக்ஸ்டெண்டட் பாகம் என்ற உறை இன்னும் இருக்கிறது. அதையும் அழித்தால்தான் கறுப்பாகும். கறுப்பான பிறகு சி டிரைவை வலப்பக்கம் நீட்டினேன். பையன் இடம் கூடியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். மறுநாள் அவன் அப்பாவோடு வந்து நின்றான். மெஷின் ஏறவில்லை. 'அப்படி ஒரு பாகம் இல்லை' என்று ஒரு ஆங்கில வரி, கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று கண் சிமிட்டும் ஒரு கோடு. துவக்க நிரலின் தலை முதல் 446 பைட்டில் இருக்கிறது. உடம்பு நான் அழித்த பாகத்தில் இருந்தது. விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு பூட்ரெக் கட்டளையால் தலையை மாற்றி எழுதியதும் சரியாயிற்று. அவன் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு நான் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த மெஷினிலும் துவக்க நிரலை மாற்றாமல் பாகத்தை அழித்ததில்லை.

பெரிய நஷ்டம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பள்ளியின் தமிழ் டீச்சர் கடைக்கு வந்தார். "அண்ணா, நடு மெஷின்ல என் கேள்வித்தாள் எல்லாம் உண்டு. பாத்தீங்களா?"

நான் கேட்டிருந்தேன். 'உள்ளே வேண்டியது ஏதாவது உண்டா டீச்சரே' என்று கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேட்டு, அவர் இல்லை என்ற பிறகுதான் துடைத்தேன். அவர் திறந்து பார்த்தது அவருடைய பெயரில். எக்ஸ்பியில் ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு அறை; ஒருவர் மேசை வெறுமையாக இருந்தால் மற்றவர் மேசையும் அப்படியே என்று சொல்ல முடியாது. நான் அந்தக் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பாகத்தை மட்டும் அழித்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் போதும். நானோ மேலே லினக்ஸை எழுதியிருந்தேன். ஃபோட்டோரெக் என்ற இன்னொரு நிரல், பதிவேட்டைப் பார்க்காமல் டிஸ்கை அடி முதல் முடி வரை தடவிக் கோப்பின் தலையெழுத்தைக் கண்டு பிடுங்கிக் கொடுக்கும். இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் எட்டு கோப்பு கிடைத்தன. பெயர் எதுவும் இல்லை, எண் மட்டும். முதல் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. தலைப்பில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்து, அதன் பின்னால் ஒரு அரைப்புள்ளி. டீச்சர் முகம் வாடிப்போயிற்று.

எனக்கு அது தெரிந்த உருவம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே போவது அந்த ஐந்து விசைகள்தான். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்து. தமிழ் உருவம் எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையில் இருந்தது. விண்டோஸோடு சேர்த்து அதையும் துடைத்திருந்தேன். என் அச்சு வேலைக் கணினியில் இருந்த பாமினியை லினக்ஸில் போட்டதும் வரிகள் எழுந்து வந்தன. அரையாண்டுத் தேர்வு, எட்டாம் வகுப்பு, இரண்டாவது கேள்விக்குப் பிறகு பாதி பக்கம் குப்பை. மிச்சத்தைக் கேட்கவே வேண்டாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழில் எழுதி வைக்கப்படுவதே கொஞ்சம். கடைத்தெருவில் போர்டுகள் மலையாளம், விண்ணப்பங்கள் மலையாளம். தமிழ் மிச்சமிருப்பது கல்யாணக் குறியில், இறந்தவர் நினைவு அட்டையில், சர்ச் அறிவிப்பில், தமிழ் மீடியம் டீச்சரின் கேள்வித்தாளில். இவையெல்லாம் 1990களின் கடைசியிலிருந்து பத்துப் பதினைந்து வருஷம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாகி, 20 ஜிபியும் 40 ஜிபியுமான டிஸ்குகளில் கிடந்தன. அச்சான தாளை யாரும் சேர்த்து வைக்கவில்லை. அந்த டிஸ்குகளைத் துடைத்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது எந்தப் பாகத்தைத் துடைக்கும் முன்பும் முழு டிஸ்கையும் ஒரே கோப்பாகப் படி எடுத்து விடுகிறேன். 40 ஜிபி டிஸ்க் இன்றைக்கு ஒரு டிபி டிஸ்கில் நூற்றில் நாலு பங்குதான். மீட்டெடுக்கும் இடத்துக்காகப் பழையதைத் தொலைக்கும் காலம் போய்விட்டது. எழுத்துருக்களைத் தனியாக எடுத்து, பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன். அதற்குக் காசு கிடையாது.

எங்கள் பக்கம் ஐடி அட் ஸ்கூல் 2017இல் கைட் நிறுவனமாகி, உபுண்டுவை வைத்துத் தன் லினக்ஸைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கையை விரித்தது. 11க்கு ஏற முடியாத மெஷின்கள் மறுபடி திண்ணையில் வந்து குவிகின்றன. போன மாதம் ஒரு பெண் பழைய மேசைக் கணினியோடு வந்தாள். லினக்ஸ் மட்டும் போதும், பிள்ளை படிக்க என்றாள். இதில் வேறு யாரெல்லாம் பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அப்பா பேர்ல ஒண்ணு உண்டு அண்ணா. பாஸ்வேர்டு தெரியாது. அப்பா போயி ஆறு வருஷமாச்சு."

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். டிஸ்கைப் பூட்டியிராவிட்டால் பாஸ்வேர்டு அங்கே தடுக்காது. அவள் அப்பாவின் கோப்புறையில் பதினேழு கோப்பு. முதலாவதைத் திறந்தேன். எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கியது. பாமினியில் எம் என்றால் 'அ'. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு எழுத்துருவைத் தேட உள்ளே போனேன்.