வெற்றித் தாலரும் எங்கட ஆயிரம் ரூபாத் தாளும்

வரலாறு பற்றி எழுதி நாளாச்சு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்க.

1871 இல் ஜேர்மனியில் ஒரு வெள்ளி நாணயம் வந்தது. பெயரே ‘வெற்றித் தாலர்’. ஒரு பக்கம் பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம். மறுபக்கம் வாளும் கேடயமுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். எடை பதினெட்டரை கிராம் வரும். பிரான்ஸைத் தோற்கடித்த சந்தோசத்தில் அடித்த காசு அது. பவேரியாவும் சாக்சனியும் தங்கள் பங்குக்கு வேறு அடித்தன. அந்த வருடம் ஜனவரி 18 ஆம் திகதி, தோற்ற நாட்டின் வெர்சாய் மாளிகையில், கண்ணாடி மண்டபத்தில் வைத்தே ஜேர்மன் பேரரசைப் பிரகடனம் செய்தார்கள். 1919 ஜூன் 28 இல் அதே மண்டபத்துக்குள் ஜேர்மன்காரர் தோற்றவர்களாக வந்து கையெழுத்து வைத்தார்கள். இடையில் 48 வருடம்தான்.

எங்கட நாட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது. காசு இல்லை, தாள். 2009 நவம்பரில் மத்திய வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபா. தாளில் உள்ள திகதி 2009 மே 20. யுத்தம் முடிந்து இரண்டாம் நாள். முன்பக்கம் இரு கைகளையும் உயர்த்தியபடி அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ. பின்பக்கம் படைவீரர்கள் தேசியக் கொடியை நடுகிறார்கள். 1945 இல் இவோ ஜிமாவில் அமெரிக்கப் படையினர் கொடி நட்ட புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

அதே பக்கத்தில் ஓர் அணைக்கட்டும் இருக்கு. பலர் கவனிப்பதில்லை. அதுதான் மாவிலாறு. 2006 ஜூலையில் புலிகள் அதை மூடினார்கள். கீழே ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றது. கடைசிக் கட்ட யுத்தத்தின் தொடக்கம் என்று அரசாங்கம் சொல்வது அதைத்தான். அதனால் தாளிலும் இடம் கிடைத்தது.

ஆனால் மாவிலாற்றுக்குப் பிறகு என்ன நடந்தது? ஆகஸ்ட் முதல் வாரத்தில் சண்டை மூதூருக்குள் வந்தது. சனம் ஒதுங்கியிருந்த இடங்களிலும் ஷெல் விழுந்தது. மூதூர் முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். ஆகஸ்ட் 4 இல் அதே ஊரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்த 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். தாளில் அணை இருக்கிறது, மூதூர் இல்லை.

சிலர் கேட்பீர்கள், "யுத்தம் முடிந்தது நமக்கு நல்லதுதானே சேர்?" என்று. நல்லதுதான். 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டார்கள். அதே மாதம் ஏறாவூர். அதைக் கண்ட ஊர், 2009 மே மாதம் மூச்சு விட்டதில் பிழை சொல்ல என்னால் முடியாது. ஆனால் அதே மாதம் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைத் தேடித் திரிந்த தாய்மாரும் இந்த நாட்டுக்காரர்தான். அவர்கள் சந்தைக்குப் போய் அரிசி வாங்கவும் இந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டியிருந்தது. சிலை என்றால் பார்க்காமல் போகலாம். பணத்தை என்ன செய்வது? எனக்கு உறுத்துவது அதுதான்.

இன்னொன்று. கிழக்கில் யுத்தம் முடிந்தது 2007 ஜூலை 11 இல், எங்கட மாவட்டத்துக் குடும்பிமலை பிடிபட்டதோடு. சிங்களத்தில் தொப்பிகல. ஏ.எல். வரலாறு படிக்கும் பிள்ளைகளிலேயே இரண்டும் ஒரே மலை என்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தாள் யாரிடமாவது பத்திரமாக இருந்தால் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்க. மாவிலாறு எங்கே, மூதூர் எங்கே என்று வரைபடத்தில் தேடச் சொல்லுங்க. 2006 இல் மூதூரிலிருந்து நடந்து வந்த சொந்தக்காரர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொன்னதைக் கொமன்டில் எழுதுங்க. பெயர் போட வேண்டாம்.