ஏழைத் தாயின் மைந்தர் மாநகரத் தந்தையான வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் அயல்நாட்டார் ஒருவரின் வரலாற்றை எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். ஒடுக்கப்பட்டோர் எந்நாட்டில் பிறப்பினும் அவர்தம் துன்பமும் முயற்சியும் ஒத்த தன்மையனவே. இதனை உணர்ந்தே 1946-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வழியில், தாம் பிறந்த நகரிலேயே வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, அந்நகரின் மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்ற கார்ல் ஸ்டோக்ஸ் என்பாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம் எனக் கருதுகிறோம்.

ஒருவர் தேர்தலில் நிற்கும்போது, "இவர் யார்? இவருடைய பின்புலம் என்ன?" என்று ஊரார் கேட்பது இயல்பு. நம் ஊர்களில் அக்கேள்விக்குக் குலத்தையும் நிலபுலத்தையுமே விடையாகக் கொள்வோர் பலர். ஸ்டோக்ஸின் வாழ்க்கை வேறொரு விடையைத் தருகிறது.

இளமையும் வறுமையும்

ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் அமைந்த தொழில் நகரம் கிளீவ்லாந்து. தென்மாநிலக் கொடுமைகளிலிருந்து விடுபடவும் ஆலைகளில் வேலை பெறவும் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் அங்குக் குடியேறினர். அத்தகைய குடும்பமொன்றில் 1927-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் கார்ல் பிறந்தார். சலவைத் தொழிலாளியான தந்தை, கார்ல் சிறு குழந்தையாக இருந்தபோதே காலமானார். தாயார் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து, அக்கூலியைக் கொண்டு மூத்தவர் லூயிஸையும் இளையவர் கார்லையும் வளர்த்தார். எலிகள் நடமாடும் பழைய வீட்டில் வாழ்ந்த அக்குடும்பத்துக்கு, 1938-ஆம் ஆண்டில்தான் ஏழைகளுக்கென அரசு கட்டிய அவுத்வெயிட் குடியிருப்பில் இடம் கிடைத்தது. தம் பிள்ளைகள் கல்வியால் உயர வேண்டும் என்பதே அந்தத் தாயாரின் இடைவிடாத அறிவுரை.

ஆயினும் கார்ல் 1944-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டார். சிலகாலம் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1945-இல் படையில் சேர்ந்தார். படையிலிருந்து திரும்பியவர், தம்மினும் இளையோர் பயிலும் வகுப்பில் அமர நாணவில்லை. மீண்டும் பள்ளி சென்று 1947-இல் படிப்பை முடித்தார். போர்வீரர்களின் கல்விக்கு அரசு அளித்த உதவித் தொகை அவருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. 1954-இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்பு கிளீவ்லாந்து நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே சட்டம் பயின்று 1956-இல் தேர்ச்சியுற்றார். அடுத்த ஆண்டே வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை உதவாதவன் என்று ஒதுக்கிவிடுவோர் இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். திரும்பி வர மனமும், வந்தபோது திறந்திருக்கும் கதவும் இருந்தமையால் அன்றோ அவர் உயர்ந்தார்!

வழக்கறிஞரும் வேட்பாளரும்

1958 முதல் நான்காண்டுகள் நகரின் உதவி அரசு வழக்கறிஞராகப் பணிபுரிந்த கார்ல், 1962-இல் தமையனார் லூயிஸுடன் சேர்ந்து சட்ட அலுவலகம் அமைத்தார். அவ்வாண்டே மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965-ஆம் ஆண்டில் சுயேச்சையாக மேயர் தேர்தலில் நின்று, ஏறத்தாழ 2,100 வாக்குகளில் தோற்றார்.

அடுத்த ஆண்டு ஜூலையில் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஹஃப் பகுதியில் கலவரம் மூண்டு நால்வர் உயிரிழந்தனர். வேலையின்மையும், இடிந்த வீடுகளும், காவல்துறையின் கெடுபிடியும் மக்கள் நெஞ்சில் மூட்டிய தீ அது. அந்தச் சினத்தை வாக்காக மாற்றும் பணியில் பலர் இறங்கினர். அக்காலத்தில் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் குடிமக்கள் தாமே முன்வந்து பெயரைப் பதிவு செய்தாலன்றி வாக்களிக்க இயலாதிருந்தது. ஆதலின் 1967-இல் வீடு வீடாகச் சென்று பெயர் பதியும் இயக்கம் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் அவர்களும் அந்நகருக்கு வந்து உழைத்தார். சனநாயகக் கட்சியின் உட்தேர்தலில், பதவியிலிருந்த மேயரையே ஸ்டோக்ஸ் 18,000-க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

பொதுத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சியின் சேத் டாஃப்ட். இவரும் வழக்கறிஞரே. ஆனால் இவருடைய பாட்டனார் அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராகவும், பின்னர் தலைமை நீதிபதியாகவும் விளங்கியவர். செல்வர் வாழும் புறநகரில் இருந்தவர், போட்டியிடுவதற்காகவே நகருக்குக் குடிவந்தார். ஒருபுறம் தலைவரின் பேரர். மறுபுறம் வீட்டு வேலை செய்த தாயின் மகன். நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தார் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே மிகுதி. ஆகவே தம்மவர் வாக்கு மட்டும் போதாது. வெள்ளையர் வாழும் பகுதிகளுக்கும் ஸ்டோக்ஸ் அஞ்சாது சென்று ஆதரவு கேட்டார். வெள்ளையருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவருக்கு வாக்களித்தனர். 1967 நவம்பர் 7-ஆம் நாள், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 1,700 வாக்குகள் மிகுதியாகப் பெற்று அவர் வென்றார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் மக்கள் வாக்கால் கறுப்பினத்தார் மேயரானது அதுவே முதன்முறை.

பதவியும் பணியும்

அப்பதவி மலர்ப்படுக்கையாக இல்லை. 1968 ஜூலையில் கிளென்வில் பகுதியில் ஆயுதமேந்தியோருக்கும் காவலருக்கும் நிகழ்ந்த மோதல் அவருடைய செல்வாக்கைப் பெரிதும் குலைத்தது. எனினும் ஏழைகளுக்கு வீடுகள் கட்டுவித்தார். நகரப் பணிகளில் கறுப்பின மக்களுக்கு வழி திறந்தார். ஆற்றைத் தூய்மை செய்யப் பத்துக்கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 1968-இல் வாக்காளரின் இசைவு பெற்றார். 1969-இல் மீண்டும் வென்றார். 1971-இல் போட்டியிடாது விலகினார். தமையனார் லூயிஸ் 1968-இல் ஒஹையோவின் முதல் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினரானார். கார்ல் முன்பு நன்னடத்தை அலுவலராக இருந்த அதே நகர நீதிமன்றத்தில் 1983-இல் நீதிபதியாக அமர்ந்தார், 1996-இல் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டியவை

இத்தகைய பெருமை நமக்குப் புதிதன்று. ஸ்டோக்ஸுக்கு முப்பதாண்டுகளுக்கு முன்னரே, 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மாநகரின் மேயரானார். வழக்கறிஞரான என். சிவராஜ் 1945-இல் அப்பொறுப்பை ஏற்றார்.

1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்களால் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் நமக்குத் தனி இடங்கள் உள்ளன. ஆயினும் 1997 ஜூன் 30-ஆம் நாள் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் படுகொலை செய்யப்பட்டதை நாம் மறக்க இயலுமா? பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தல் நடத்தவே இயலாதிருந்தது. சட்டம் நாற்காலியைத் தரும். அதில் அமர்ந்து ஆளும் வலிமையைக் கல்வியும் ஒற்றுமையும் பிற மக்களின் நல்லெண்ணமுமே தரும்.

எனவே அன்பு இளைஞர்களே, தேர்தல் வந்தபின் வேட்பாளரைத் தேடுவதால் பயனில்லை. இன்று பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளையை மீண்டும் அழைத்து வாருங்கள். பட்டம் பெற்றவரைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்புங்கள். நம் தெருவில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். தோல்வி நேர்ந்தால் இரண்டாண்டு உழைத்து மீண்டும் நில்லுங்கள். நாளை நம் ஊரில் ஒருவர் தேர்தலில் நிற்கும்போது, "இவருடைய பின்புலம் என்ன?" என்று கேட்போருக்கு, "கூலி வேலை செய்த ஒரு தாயும், கைவிடாத ஒரு பள்ளியும், துணைநின்ற ஒரு சமுதாயமும்" என்று தலைநிமிர்ந்து விடை கூறுவோமாக.