இரும்புப் பெட்டி வந்த கதை

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் போனால் கூடம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் தாராளமாகக் காட்டுவார்கள். ஓர் அறையை மட்டும் காட்டமாட்டார்கள். தென்மேற்கு மூலையில், ஜன்னல் இல்லாமல், பகலிலும் இருட்டாக இருக்கும் அறை அது. அங்கேதான் சுவரோடு சுவராக இரும்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். மூன்று தலைமுறையாக அசையாமல் இருப்பதால், வீட்டோடு கூடப் பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் நம் வீடுகளுக்கு அது மிகவும் பிந்தி வந்த விருந்தாளி.

அதற்கு முன் செல்வம் எங்கே இருந்தது? மண்ணுக்குள் இருந்தது. இந்தச் சீமையின் பூகோளம் அப்படி. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர்கள் இவை. 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசி, திண்டிவனத்துக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கிழக்கே பெருமுக்கல் மலைக்கோட்டை பல முறை கைமாறியது. 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகச் சமவெளியில் இறங்கிற்று. தூரத்தில் புழுதி கிளம்பினால் ஜனங்கள் செய்யக் கூடியது ஒன்றுதான். நகையைச் செப்புக் குடத்தில் போட்டு அடுப்படியிலோ மாட்டுக் கொட்டிலிலோ புதைத்துவிட்டு, குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியது. திரும்பி வந்தவர்கள் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். திரும்பாதவர்களின் குடம் என்றைக்கோ யாருடைய ஏர் முனையிலோ இடறியது. இதற்கென்றே சர்க்கார் 1878இல் புதையல் சட்டம் செய்தது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமாம். எத்தனை பேர் தெரிவித்திருப்பார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

பிறகு சண்டை ஓய்ந்தது, ரயில் வந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை போட்டார்கள். தென்னார்க்காடு ஜில்லாவின் நிலக்கடலை — அங்கத்திய பாஷையில் மல்லாட்டை — புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்ஸ் தேசத்து மார்சேல் பட்டணத்தின் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. பதிலுக்கு வெள்ளி ரூபாய் வந்தது. ஒரு ரூபாய் ஒரு தோலா எடை. ஆயிரம் ரூபாய் என்றால் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ! அறுவடைக் காலத்தில் மண்டிக்காரர் வீட்டில் மூட்டையாகச் சேரும் பணத்தைத் தினம் தினம் புதைத்து, தினம் தினம் தோண்டிக்கொண்டிருக்க முடியுமா? போதாக்குறைக்குச் சொத்தெல்லாம் காகிதமாக மாறிக்கொண்டிருந்தது. கிரயப் பத்திரம், பட்டா, புரோநோட்டு. இவற்றை மண்ணில் புதைத்தால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

இங்கிலாந்தில் இதற்குள் பெட்டி தயாராகிவிட்டிருந்தது. பூட்டு வியாபாரியான சப் என்பவர் 1835இல் திருடனுக்கு மசியாத பெட்டிக்குப் பேடண்ட் வாங்கினார். 1840இல் மில்னர் என்பவர் நெருப்புக்கு வழி கண்டார். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே படிகாரம் போன்ற உப்பை அடைப்பது அந்த யுக்தி. சூடேறினால் உப்பில் ஒளிந்திருக்கும் நீர் ஆவியாகி வெளிவரும். உள்ளே இருக்கும் காகிதம் கருகாது. நம்முடைய நாட்டு வைத்தியத்துப் படிகாரம் இப்படியும் உபயோகப்படுகிறது!

பாங்கி இருக்கும்போது பெட்டி எதற்கு என்று கேட்கலாம். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு மகா பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது. பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்களும் வெளியூர் மிராசுதார்களும் ஆயுட்காலச் சேமிப்பை அதில் போட்டு வைத்திருந்தார்கள். 1906 அக்டோபர் 22ஆம் தேதி அது கதவை மூடிவிட்டது. தலைமைக் கூட்டாளியான ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் கடுங்காவல் தண்டனை அடைந்தார். அடைந்து என்ன? போட்டவர்களின் பணம் போனது போனதுதான். அந்த இடிபாட்டிலிருந்துதான் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானவர்களின் முயற்சியால் 1907இல் இந்தியன் பாங்க் பிறந்தது. சரித்திரப் புத்தகங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும். ஆனால் அடிபட்ட குடும்பங்களில் எல்லோரும் மறுநாளே புது பாங்கிக்கு ஓடியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. சேனையிடமிருந்தும் திருடனிடமிருந்தும் தப்பிய பணம் கணக்குப் புஸ்தகத்தில் கரைந்துபோன பிறகு, கையால் தொட்டுப் பார்க்கக் கூடிய இரும்பின் மேல் மனசு போவது இயற்கை.

சுதேசிப் பெட்டியும் அந்தச் சமயத்தில் கிடைக்க ஆரம்பித்திருந்தது. வக்கீல் தொழிலை உதறிவிட்டு 1897இல் பம்பாயில் பூட்டுச் செய்ய உட்கார்ந்த அர்தேஷிர் கோத்ரெஜ், சில வருஷங்களில் பெட்டியும் செய்தார். நம் பக்கத்தில் திண்டுக்கல்காரர்கள் பூட்டிலும் பெட்டியிலும் பேர் வாங்கினார்கள். 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சுற்றுப்புறமே எரிந்தபோதும் கோத்ரெஜ் பெட்டிகளுக்குள் இருந்தவை கருகவில்லை என்று சொல்வார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு இதே கம்பெனி 12 லட்சத்துக்கு மேல் ஓட்டுப் பெட்டிகள் செய்தது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் சாஸ்திரம் புகுந்துகொண்டது. கன்னி மூலையில் வைத்து, குபேரன் திசையான வடக்கைப் பார்த்துக் கதவு திறக்க வேண்டும் என்பார்கள். சாஸ்திரம் எப்படியோ, அந்த இடத்தில் புத்திசாலித்தனம் இருக்கிறது. தெருவிலிருந்து பார்வைபடாத உள்ளறை, கீழ்த்தளம். கட்டையும் செங்கல்லும் சேர்ந்த மெத்தைத் தளம் அந்தக் கனத்தைத் தாங்காது. மாட்டு வண்டியில் வந்த பெட்டியைப் பனங்கட்டை உருட்டி உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் செங்கல் வைத்துச் சுண்ணாம்பால் பூசிவிடுவார்கள். உடைக்க முடியாதவன் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா?

இதில் யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. குடத்தைப் புதைத்த காலத்தில் இடம் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும், அடுப்படி அவளுடையது. இரும்புப் பெட்டி வந்ததும் சாவி ஆண்பிள்ளையின் அரைஞாணுக்குப் போயிற்று. தாய்வீட்டுச் சீதனமான அட்டிகையை ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள, அவள் கணவனிடமோ மாமனாரிடமோ கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. மல்லாட்டை விலை விழுந்த வருஷத்தில் அந்த அட்டிகை உள்ளே இருக்கிறதா, மார்வாடிக் கடையில் இருக்கிறதா என்பதுகூடத் தெரியாமல் காலந்தள்ளிய பெண்கள் உண்டு. சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து என்று ஸ்மிருதிகள் சொல்லிவைத்தன. 1956 சட்டம் அதை இன்னும் உறுதியாக்கியது. 1989இல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குச் சம பங்கு கொடுத்தது. சாவி மட்டும் சட்டத்தைப் படிக்கவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே மிதந்தது. நெருப்புக்கென்று செய்த பெட்டிக்குத் தண்ணீரைத் தடுக்கத் தெரியாது. தரையோடு பூசிய பெட்டியை அவசரத்துக்கு மேலே தூக்கவும் முடியாது.

இப்போது அந்தப் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக இடிக்கிறார்கள். ஓடு போகும், தேக்கு உத்தரம் போகும், நிலைக்கதவு நல்ல விலைக்குப் போகும். பெட்டி மட்டும் கடைசி வரையில் நிற்கும். பாகம் பிரித்துக்கொண்ட சகோதரர்களில் யாரிடம் சாவி என்று யாருக்கும் தெரியாது. கடப்பாரையால் சுவரைப் பெயர்த்து, நாலு ஆள் பிடித்து வெளியே தள்ளி, பழைய இரும்புக்காரர் தராசில் ஏற்றுவார். எடை போடும்போது வந்து நிற்பவர்களில் அந்த வீட்டுப் பெண்களும் உண்டு.