தொலைதூரக் கல்வியில் படிக்கிறீங்களா? நூலகத்தில் தேடக் கற்றுத்தரும் நேரலை வகுப்பு ஏன் அவசியம்? முழு விளக்கம்

திருப்பூரில் பனியன் கம்பெனி, பொள்ளாச்சியில் கடை, கோவையில் ஐடி ஷிப்ட். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் பட்டம் படிப்பவர்கள் கொங்கு மண்டலத்தில் ஏராளம். பாடப்புத்தகம் கைக்கு வந்துவிடும். ஆனால் அசைன்மென்ட், ப்ராஜெக்ட் என்று வரும்போது, "இதை எங்கே போய்த் தேடுறது?" என்று கேட்க பக்கத்தில் ஒரு நூலகர் இருக்கமாட்டார்.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழிதான் நேரலை நூலகப் பயிற்சி. அதாவது, நூலகர் ஆன்லைனில் வந்து, எப்படித் தேடுவது என்று மாணவர்களுக்கு நேரடியாகக் காட்டித்தரும் வகுப்பு. அதில் என்ன இருக்கும்? ஏன் அவசியம்? பார்க்கலாம்.

நூலகம் இல்லாத பட்டப்படிப்பா?

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வியை 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் ஆரம்பித்தது. 1985-ல் இக்னோ, 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தன. கோவையில் 1982-ல் உருவான பாரதியார் பல்கலைக்கழகமும் தொலைதூரப் படிப்புகளை நடத்தியிருக்கிறது.

நூலக விஷயத்தில் கொங்கு மண்ணுக்குத் தனிப் பெருமை உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948-ம் ஆண்டு மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தபோது மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகத்துக்கு அவர் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது.

அதற்குப் பலன் கிடைக்க வாசகர் நூலகத்துக்குள் வர வேண்டும். கோவை ஆர்.எஸ்.புரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பெரியார் பெயரிலான பிரம்மாண்ட நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் தாராபுரத்திலிருந்தோ வால்பாறையிலிருந்தோ ஷிப்ட் முடித்து வருபவருக்கு இரண்டுமே தூரம்தான்.

கூகுள்ல தேடினா போதாதா?

ஒரு உதாரணம் பாருங்கள். 'திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் பெண் தொழிலாளர்கள்' என்பது ப்ராஜெக்ட் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியே டைப் செய்தால் வேலைவாய்ப்பு விளம்பரமும் செய்திகளும்தான் அதிகம் வரும். அனுபவமுள்ள ஒரு நூலகர் இதை வேறு மாதிரி அணுகுவார்:

• சொல்லை மாற்றுவது: பின்னலாடை, பனியன், ஆயத்த ஆடை என்று தமிழில் மூன்று சொற்கள். ஆங்கிலத்தில் நிட்வேர், ஹோசியரி, கார்மென்ட். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முடிவுகள் வரும்.

• ஊர்ப் பெயரின் எழுத்து: திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'பி' போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் தேட வேண்டும்.

• மாவட்ட வரலாறு: திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல்தான். அதற்கு முந்தைய மாவட்டப் புள்ளிவிவரங்கள் கோவை, ஈரோடு பெயர்களில் இருக்கும். ஈரோடும் 1979-ல்தான் கோவையிலிருந்து பிரிந்தது.

• தலைப்பில் ஊர் இல்லாத புத்தகம்: திருப்பூர் பின்னலாடைத் தொழில் பற்றிய முக்கியமான ஆய்வு நூல், ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்'. அதன் தலைப்பில் திருப்பூர் என்ற பெயரே கிடையாது. தலைப்பை மட்டும் தேடினால் சிக்காது, பொருள் வாரியாகத் தேட வேண்டும்.

இதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்லித்தராது. தெரிந்தவர் ஒருவர் காட்டித்தர வேண்டும்.

வீடியோ போதாதா? நேரலை ஏன்?

யூடியூப் வீடியோ எல்லோருக்கும் ஒரே உதாரணத்தைத்தான் காட்டும். நேரலையில் மாணவர் தன் தலைப்பைச் சொல்லலாம், தன் ஸ்கிரீனைப் பகிரலாம். எந்த இடத்தில் தவறான சொல்லைப் போடுகிறார் என்பதை நூலகர் பார்த்து அங்கேயே திருத்த முடியும். ஒருவர் கேட்கும் சந்தேகம் பெரும்பாலும் பலருடைய சந்தேகமாகவும் இருக்கும்.

இது புதுசு இல்லை. 1969-ல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி, தன் நூலகம் மூலம் இப்படிப்பட்ட நேரலைப் பயிற்சிகளை நடத்துகிறது. நம் நாட்டில் இக்னோ, ஞான தர்ஷன் சேனலில் மாணவர்கள் போனில் கேள்வி கேட்கும் நேரலைப் பாடங்களை நடத்தியிருக்கிறது. பல கல்லூரி நூலகங்களில் உள்ள என்.டி.எல்.ஐ. கிளப்கள் வழியாகவும் ஆன்லைன் பயிற்சிகள் நடக்கின்றன.

சிக்கலும் இருக்கிறது. நைட் ஷிப்டில் இருப்பவர் மாலை வகுப்புக்கு வர முடியாது. பலரிடம் லேப்டாப் இல்லை, செல்போன் மட்டும்தான். அதனால் வகுப்பைப் பதிவு செய்து கொடுப்பதும், போனில் தேடுவது எப்படி என்று போனிலேயே செய்துகாட்டுவதும் அவசியம். அசைன்மென்ட் கொடுத்த வாரத்திலேயே வகுப்பு நடந்தால் பலன் அதிகம். செமஸ்டர் தொடக்கத்தில் பொதுவாகச் சொன்னால், தேவைப்படும் நேரத்தில் மறந்துபோயிருக்கும்.

கற்காவிட்டால் என்ன நஷ்டம்?

எங்கே தேடுவது என்று தெரியாதவர், பழைய ப்ராஜெக்ட்டையோ இணையத்தில் கிடைத்ததையோ அப்படியே எடுத்துப் போடுகிறார். முதுகலை, ஆராய்ச்சிப் பட்ட ஆய்வேடுகளுக்கு யுஜிசி-யின் 2018-ம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் பொருந்தும்:

• 10% வரை ஒற்றுமை: தண்டனை இல்லை.
• 10%-க்கு மேல் 40% வரை: 6 மாதத்துக்குள் திருத்தி மீண்டும் தர வேண்டும்.
• 40%-க்கு மேல் 60% வரை: ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது.
• 60%-க்கு மேல்: பதிவே ரத்தாகும்.

ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு எழுதுவதிலும் ஆபத்து உண்டு. இல்லாத புத்தகத்தையும் கட்டுரையையும் இருப்பதுபோலவே அது சொல்லிவிடும். அந்தப் புத்தகம் உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் சரிபார்ப்பதும் இந்தப் பயிற்சியில் ஒரு பாடம்தான்.

இலவசமாக என்னவெல்லாம் இருக்கு?

• சோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள், தமிழில் எழுதியவை உட்பட. பாரதியார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இதில் உண்டு.

• இ-ஞான்கோஷ்: இக்னோவின் பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் கிடைக்கும்.

• தேசிய மின்னூலகம்: ஐஐடி காரக்பூர் உருவாக்கியது, 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

• தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்: அரிய தமிழ் நூல்கள், பழைய இதழ்கள். ஈரோடு பகுதியைச் சேர்ந்த பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும் இக்கழகத்தின் தளத்தில் படிக்கலாம்.

• ஒரே நாடு ஒரே சந்தா: மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த திட்டம். 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. முதல் நான்கையும் நீங்களே திறந்து பார்க்கலாம். இதற்கு மட்டும் உங்கள் நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும்.

மாணவர்கள் என்ன செய்யணும்?

நீங்கள் சேர்ந்திருக்கும் தொலைதூரக் கல்வி மையத்திலோ, கற்போர் உதவி மையத்திலோ இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. பல்கலைக்கழக மின்நூலகத்துக்குள் வீட்டிலிருந்து நுழைய எனக்கு லாகின் தருவீர்களா?
2. ஒரே நாடு ஒரே சந்தா வசதி தொலைதூர மாணவர்களுக்கும் உண்டா?
3. நூலகர் நடத்தும் ஆன்லைன் பயிற்சி எப்போது? அதன் பதிவு கிடைக்குமா?
4. சந்தேகம் வந்தால் நூலகரை எந்த மெயிலில் தொடர்புகொள்வது?

பயிற்சி இல்லை என்று பதில் வந்தால், ஒரே பாடம் படிக்கும் பத்துப் பேர் சேர்ந்து எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். நூலகருக்கு இதற்குத் தேவைப்படுவது ஒரு மணி நேரமும் ஒரு வீடியோ கால் லிங்க்கும்தான். நீங்கள் கட்டும் கட்டணத்துக்குள் இந்த உதவியும் வர வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.