நேர்விசாரணையில் முந்தும் கேள்வி: மதுரை – திருச்சிச் சாலையில் குடியுரிமை

1. ஆய்வின் எல்லை

திருச்சியிலிருந்து தெற்கே வருகிறவர்களுக்குத் துவரங்குறிச்சியை அடுத்து மதுரை மாவட்டத்தின் தலைவாசல் கொட்டாம்பட்டி. அங்கிருந்து அதே சாலை மேலூர் வழியாக ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையைத் தொடுகிறது. சாலையின் வடமுனையில், திருச்சியில், கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. (கொட்டாம்பட்டி வேறு, கொட்டப்பட்டு வேறு, பெயரொலியை வைத்துக் குழப்பிக்கொள்வோர் உண்டு.) மேலூர் வட்டத்திலேயே திருவாதவூரில் இன்னொரு முகாம். குடியுரிமை வழக்குக்காகக் கொட்டப்பட்டிலிருந்து மதுரைக்குப் போகிறவர் கொட்டாம்பட்டியைக் கடந்தே ஆகவேண்டும். இந்தச் சாலையோரத்து மக்களை வைத்தே, இந்தியக் குடியுரிமைக்கான நேர்விசாரணை எதைச் சோதிக்கிறது என்று இக்கட்டுரை பார்க்கிறது.

2. சட்டம் காட்டும் வழிகள்

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் நமக்கு வேண்டிய வழிகள் மூன்று. பிறப்பால் வருவது பிரிவு 3. இந்திய வம்சாவளியினரும் இந்தியரை மணந்தோரும் ஏழாண்டு வசித்தபின் பதிவு செய்துகொள்வது பிரிவு 5. நெடுநாள் வசிப்பைக் காட்டிக் கேட்பது பிரிவு 6. இந்த மூன்றாவது வழியில் மனுவுக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டில் மொத்தம் 11 ஆண்டும் இங்கே இருந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றில் போதிய அறிவும் வேண்டும்.

தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. கைக்குழந்தையாகப் படகில் வந்து முகாமில் வளர்ந்து தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மொழி நிபந்தனை ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் அந்தப் பிள்ளையின் மனு வாசலிலேயே நின்றுவிடுகிறது. காரணம் ஐந்தாம் பகுதியில்.

3. நேர்விசாரணையில் நடப்பது

பிரிட்டனில் 24 கேள்விகளுக்கு 18 சரியான விடை தரவேண்டும். கனடாவில் 20க்கு 15. அமெரிக்காவில் அதிகாரி எதிரில் அமர்ந்து வாய்மொழியாகவே கேட்பார். புலம்பெயர்ந்த நம்மவர்கள் அதற்காக வினா விடைகளை உருப்போடுகிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு பொது அறிவுத் தேர்வு கிடையாது. குடியரசுத் தலைவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

இங்கே சோதனை முழுக்கக் காகிதத்தில். இணையத்தில் நிரப்பிய மனுவின் படியோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். அசல் ஆவணங்களை அங்கே சரிபார்ப்பார்கள். குணநலனுக்கு இந்தியக் குடிமக்கள் பிரமாண வாக்குமூலம் தரவேண்டும். பிறகு போலீஸ் விசாரணை. இலங்கைத் தமிழர் என்றால் தமிழகக் காவல்துறையின் உளவுக் கிளையான கியூ பிரிவும் வரும், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். ஆட்சியர் 60 நாளுக்குள் மனுவை மாநில அரசுக்கு அனுப்பவேண்டும். முடிவு எடுப்பது ஒன்றிய உள்துறை. மனு ஏற்கப்பட்டால் அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்கவேண்டும், முந்தைய குடியுரிமையைத் துறக்கவேண்டும்.

ஆகவே, தயாராவது என்றால் பெயரை ஒழுங்குபடுத்துவது. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ எழுதிய பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். இங்கே பள்ளி மாற்றுச் சான்றிதழில் அதுவே ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் வந்து நிற்கும். முகாம் பதிவேட்டில் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) கேட்டு எழுதிய மூன்றாவது வடிவம் இருக்கும். மாதாமாதம் அரசின் பணக்கொடைக்கு முன் முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் ‘செக்கிங்’கில் இந்த வேறுபாட்டை யாரும் கவனிப்பதில்லை, ஆட்சியர் அலுவலகத்தில் மூன்று தாளும் ஒரே மேசையில் விரியும்போதுதான் சிக்கல். அங்கே போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று விடுவதைவிட, நோட்டரி முன் வாக்குமூலம் எழுதி முன்கூட்டியே இணைத்துவிடுவது நல்லது.

4. மலையகம் கண்ட விசாரணை

தமிழர்க்கு இந்த மேசை புதிதல்ல. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத்தின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டம் மனுப்போட வழி தந்தது. மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு இடையறாது வசித்ததை நிரூபிக்கவேண்டும். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக மனுக்கள் போயின. பெரும்பாலானவை தள்ளுபடியாகி, சுமார் 1,34,000 பேரே தேறினர். லயம் எனும் தோட்ட வரிசைவீட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர் எந்தத் தாளைக் காட்டுவார்? வாழ்ந்ததற்குச் சாட்சி அவர் உழைத்த தேயிலைத் தூர்தான். அதை விசாரணை அதிகாரி ஏற்கவில்லை.

மீந்தவர்களைப் பங்கு போட்டது 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் பெறாமலே எண்ணிக்கை முடிவானது. இதை மனிதாபிமான ஏற்பாடு என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

5. எப்படி வந்தாய்?

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்கள் கடவுச்சீட்டோடு வரவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஆ) அப்படி வந்தவரை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது. 5, 6 ஆகிய இரு பிரிவுகளும் அவர்களுக்கு மூடியவை. நாற்பதாண்டு வசிப்பும் நன்னடத்தையும் தமிழும் அதன்பின் கணக்கில் வருவதே இல்லை. யார் நீ என்பதற்கு முன்னால், எப்படி வந்தாய் என்ற கேள்வி நிற்கிறது.

2019 ஜூன் 17இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் மதுரைக் கிளையில் அளித்த தீர்ப்பு இந்தப் பூட்டை அசைத்தது. வழக்காடியவர்கள் கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர்கள். அவர்களது மனுக்களைப் பெற்று ஒன்றிய அரசுக்கு அனுப்பவும், அரசு 16 வாரத்தில் முடிவெடுக்கவும் உத்தரவாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வந்த திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டின் ஆறு சமயத்தாரை மட்டும் ‘சட்டவிரோத’ வரையறையிலிருந்து விலக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு வகையினர் உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே குடிமகன். 1986இல் மண்டபத்தில் பிறந்து கொட்டப்பட்டில் வளர்ந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் மதுரைக் கிளையில் 2022இல் கடவுச்சீட்டுக்கான உத்தரவு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்கு நேர்விசாரணையே தேவைப்படவில்லை.

6. மிச்சமுள்ள வேலை

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இன்றி வந்ததற்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்களித்தது. சிறை பயம் போயிற்று, குடியுரிமை வரவில்லை. 2019இல் மூன்று நாட்டாருக்காகப் பிரிவு 2(1)(ஆ)வில் சேர்த்த விதிவிலக்கில் இலங்கையையும் சேர்த்தால்தான் ஆட்சியர் அலுவலக மேசைக்கு இவர்களால் வரமுடியும். அதை நாடாளுமன்றம் செய்யவேண்டும். அதுவரை முகாமில் இருப்போர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டில் 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் எவராவது இருந்தால், அவருடைய பிறப்புச் சான்றைப் பதிவு அலுவலகத்தில் இன்றே கேட்டு வாங்கி வையுங்கள்.