திரும்பி வரும் பாட்டிலும் நிரம்பிச் செல்லும் பேருந்தும்: நீலகிரியை முன்வைத்துச் சூழல்சார் நுகர்வு பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சூழலுக்கு இசைந்த வாழ்க்கை பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை தனிமனிதரை நோக்கிய அறிவுரைகள். துணிப்பை எடுத்துச் செல்லுங்கள், நெகிழியைத் தவிருங்கள், பேருந்தில் போங்கள் என்பவை அவற்றின் சாரம். இவற்றைப் பிழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் அறிவுரையைக் கேட்டவர் கடைக்குப் போகும்போதும் பயணம் புறப்படும்போதும் அவர் முன் என்ன வழி திறந்திருக்கிறது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேட நீலகிரி மாவட்டம் பொருத்தமான களம். கடந்த கால் நூற்றாண்டில் தடை, மாற்றுப்பொருள், வைப்புத்தொகை, நுழைவு வரம்பு என நான்கு வகை நடவடிக்கைகள் இந்த ஒரே மலையில் சோதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டு இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இது: ஒரு பொருளோ பயணமோ சூழலுக்கு உகந்ததா என்பதை, அது எதனால் ஆனது என்பதைவிட, அது எத்தனை முறை, எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. அப்படிப் பயன்படுவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. அதற்கான ஏற்பாடு வேண்டும்.

2. தடை: சோதனைச் சாவடி வரை

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது, நீலகிரியில் நெகிழிக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் இதைப் பற்றி நினைத்துப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே மலைக்கு நெகிழிப் பை வரக்கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. மாநில அரசு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களுக்கான தடையை 2018 ஜூன் 5 அன்று அறிவித்தது. 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1-இல் வந்தது.

தடையின் வலிமை, அது தெளிவாக இருப்பது. மலைப்பாதையின் சோதனைச் சாவடிகளான கல்லாறிலும் பர்லியாறிலும் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்ளும் ஊழியருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் இல்லை. அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பாட்டிலை இழந்த பயணிக்குக் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் தாகம் எடுக்கும். இதை உணர்ந்தே மாவட்ட நிர்வாகம் பல இடங்களில் தண்ணீர் ஏடிஎம்களை அமைத்தது. நாணயம் போட்டால் கையிலுள்ள குப்பியில் நீர் நிரம்பும். இயந்திரம் ஓடும் இடத்தில் தடை செல்லுபடியாகிறது. இயந்திரம் பழுதாகி நிற்கும் இடத்தில் பயணி தடையை மீறுகிறார், இல்லையென்றால் கடைக்காரர் மறைத்து விற்கிறார். இதிலிருந்து தெரிவது, தடையின் ஆயுள் அதற்கு ஈடாக வைக்கப்படும் மாற்று ஏற்பாட்டின் ஆயுளைப் பொறுத்தது என்பதே.

3. மாற்றுப்பொருள்: மஞ்சப்பையின் கணக்கு

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். பத்து ரூபாய் போட்டால் ஒரு துணிப்பை தரும் இயந்திரங்கள் கோயம்பேடு சந்தை போன்ற இடங்களில் வந்தன. பட்டிக்காட்டான் என்று ஏளனம் செய்யப் பயன்பட்ட ஒரு பொருளுக்கு மதிப்பை மீட்டுத் தந்த வகையில் இவ்வியக்கத்தின் பண்பாட்டுப் பங்கு பெரியது.

சூழல் கணக்கில் துணிப்பையின் நிலை இன்னும் சிக்கலானது. டென்மார்க்கின் சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட வாழ்நாள் மதிப்பீட்டு ஆய்வு, ஒரு பருத்திப் பை பருவநிலைத் தாக்கத்தில் மட்டும் சாதாரண நெகிழிப் பைக்கு ஈடாக வேண்டுமானால் குறைந்தது 52 முறை பயன்பட வேண்டும் என்று கணக்கிட்டது. எல்லாச் சூழல் அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண் 7,100. பருத்தி விளைவிக்க நீர், உரம், பூச்சிமருந்து வேண்டும். நூற்க, நெய்ய, சாயமேற்ற ஆற்றல் வேண்டும். இந்த ஆய்வைத் துணிப்பைக்கு எதிரான தீர்ப்பாகப் படிப்பது தவறு. வெளியே எறியப்பட்ட நெகிழி கடலுக்கும் கால்நடைக்கும் செய்யும் கேட்டை அது கணக்கில் எடுக்கவில்லை. நீலகிரியிலோ அந்தக் கேடுதான் முதன்மையானது. வீசப்பட்ட பை யானையின், மானின் வயிற்றுக்குள் போகிறது.

ஆனாலும் அந்த ஆய்வு தரும் பாடம் ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு தந்த மஞ்சப்பை, நிறம் மங்கி, காது கிழிந்து, தைக்கப்பட்டு, ரேஷன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் வருடக்கணக்கில் போய்வந்தது. அதன் சூழல் நன்மை அந்தப் போக்குவரத்தில் இருந்தது. சந்தைக்குப் பையை மறந்து வந்து ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் புதிதாக ஒன்றை எடுப்பவரின் வீட்டில் பருத்திப் பைகள் குவியும். துணி என்பதால் மட்டும் அவர் செயல் நல்லதாகிவிடாது.

இதன் மறுபக்கத்தைப் பால் கவரில் காணலாம். கடைப் பையும் பால் கவரும் பாலித்தீன்தான். பால், எண்ணெய்ப் பொட்டலங்களுக்குத் தடையிலிருந்து விலக்கும் உண்டு. எனினும் பால் கவரைக் கழுவி, சமையலறைச் சுவரில் ஒட்டிக் காயவைத்து, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கடைக்காரர் அதற்கு விலை தருகிறார் என்பதே காரணம். கவரின் முனையை முழுதாகத் துண்டித்துவிட்டால் அந்தச் சிறு முக்கோணம் மட்டும் தொட்டி வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். அதற்கு எடை இல்லை, எனவே விலையும் இல்லை. ஒரே பொருளின் இரு துண்டுகளுக்கு இரு வேறு கதி. அந்தக் கதியைப் பொருளின் வேதியியல் தீர்மானிக்கவில்லை. அதை வாங்கிக்கொள்ள ஆள் இருப்பது தீர்மானிக்கிறது.

4. வைப்புத்தொகை: பத்து ரூபாய் செய்தது

காடுகளில் எறியப்படும் மதுப் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதைக் கவனத்தில் கொண்டு, சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக்கிடம் ஒரு திட்டம் கேட்டது. அவ்வாண்டு மே மாதம் நீலகிரியில் அது தொடங்கியது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் வாங்கப்படும். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பும். விற்ற பாட்டில்களில் மிகப் பெரும் பகுதி கடைகளுக்கே திரும்பி வந்தது. பின்னர் இத்திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, குடிப்பவரிடம் இத்திட்டம் எந்த நற்குணத்தையும் எதிர்பார்க்கவில்லை என்பது. அவர் காட்டோரம் பாட்டிலை வீசிவிட்டுப் போகலாம். பின்னால் வருபவர் அதைப் பொறுக்கி எடுத்தால் பத்து ரூபாய் அவருக்கு. நேற்றுவரை குப்பையாகக் கிடந்தது இன்று தரையில் கிடக்கும் காசு. விழிப்புணர்வுப் பலகைகளால் ஆகாத காரியம் இந்த எளிய மாற்றத்தால் ஆயிற்று.

இது தமிழருக்குப் புதியதும் அன்று. கோலி சோடாவைக் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவதும், வீட்டுக்கு எடுத்துப்போனால் கடைக்காரரிடம் முன்பணம் கட்டுவதும் பழைய நடைமுறை. சமையல் எரிவாயு சிலிண்டருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கும் இன்றும் முன்பணம் உண்டு. ஒரு லிட்டர் பாட்டிலும் 20 லிட்டர் கேனும் நெகிழிதான். முன்னது சாலையோரமெங்கும் கிடக்கிறது. பின்னதைத் தெருவில் எறிந்தவர் எவரும் இல்லை. காலி கேனைக் கொடுக்காமல் அடுத்த கேன் வீட்டுக்குள் வராது என்பதே போதுமானதாக இருக்கிறது.

இத்திட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுவதும், திரும்பி வருபவற்றை எண்ணி அடுக்குவதும், பணம் கொடுப்பதும் கடை ஊழியர் தலையில் விழுந்தன. கூடுதல் ஆளும் இடமும் வேண்டும் என்று அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தது நியாயம். சுழற்சி என்பது யாரோ ஒருவரின் உழைப்பு. அதற்குக் கூலி ஒதுக்காத ஏற்பாடு நெடுநாள் நிற்காது. அதோடு, திரும்பி வந்த பாட்டில் கழுவி மீண்டும் நிரப்பப்பட்டால்தான் முழுப் பயன். உடைத்து உருக்குவதானால் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. காடு தூய்மையானது, ஆற்றல் கணக்கு இன்னும் பாதியில் நிற்கிறது.

5. நுழைவு வரம்பு: வண்டியை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

பயணத்துக்கு வருவோம். கோடைக் காலத்தில் நாள் ஒன்றுக்கு 11,500 கார்கள், 6,500 இருசக்கர வாகனங்கள், 1,300 வேன்கள், 600 பேருந்துகள் என ஏறத்தாழ 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைவதாக உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இதையடுத்து நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி அமர்வின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் முன்கூட்டியே இணையத்தில் பெறும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. இதை எதிர்த்து வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள்.

வரம்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. மலைப்பாதைகளின் அகலத்தையும், ஊட்டியின் குடிநீரையும் வேண்டியபோதெல்லாம் கூட்டிக்கொள்ள முடியாது. ஆனால் எண்ணப்படும் அலகு சரியா என்பது கேள்வி. ஒருவர் மட்டும் வரும் காரும் பன்னிரண்டு பேர் வரும் வேனும் இந்தக் கணக்கில் ஒன்றே. ஒரு காருக்கு நான்கு பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 11,500 கார்களில் வருவோர் 46,000 பேர். ஐம்பது பேர் அமரும் பேருந்துகளுக்கு அது 920 நடை. ஆளைத் தடுக்காமலேயே வண்டியைக் குறைக்க இடமிருக்கிறது என்பதை இந்த எளிய கணக்கு காட்டும். மின்சாரக் கார் வாங்கினால் தீர்ந்துவிடும் என்ற வாதமும் இங்கே தளர்கிறது. புகை குறையும், குன்னூர் வளைவில் அது அடைக்கும் இடம் குறையாது.

மாற்றுக்கு வேண்டியவற்றில் பாதி ஏற்கனவே இருக்கிறது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வந்து சேர்கிறது. அங்கிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயில். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறி உச்சியை அடைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், இருக்கைகளும் குறைவு. ஆகவே அதனால் கூட்டத்தைச் சுமக்க முடியாது. மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்த விரிவான இடமும், கால்மணிக்கு ஒரு பேருந்தும், மேலே காட்சி முனைகளுக்குச் சுற்றுப் பேருந்தும், சாமான்களுடன் வரும் முதியோர் ஏறக்கூடிய தாழ்தளப் படியும் இருந்தால்தான் ‘பேருந்தில் போங்கள்’ என்ற அறிவுரை நடைமுறைக்கு வரும். இவை இல்லாமல் விதிக்கப்படும் வரம்பு, முன்கூட்டிப் பதிவு செய்யத் தெரிந்த கார்க்காரருக்கே மலையை ஒதுக்கித் தரும்.

விடியல் பயணத் திட்டம் இங்கே ஒப்பிடத்தக்கது. 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமாகத் தொடங்கி, 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் விரிந்த இத்திட்டம் சமூகநீதிக்காக வந்தது, சூழலுக்காக வந்ததன்று. அதில் ஏறுபவர்களிடம் கரியமிலவாயு பற்றி எவரும் பேசவில்லை. வழி திறந்தது, பேருந்து நிரம்பியது.

6. இரு மறுப்புகள்

முதல் மறுப்பு: வைப்புத்தொகை மதுவுக்குப் பொருந்தும், ஏனெனில் விற்பவர் ஒருவரே, தண்ணீர் பாட்டிலுக்கு உற்பத்தியாளர்கள் பலர், அதுவும் மாநிலம் தாண்டி வருவது. இது வலுவான மறுப்பு. ஆயினும் ஜெர்மனி 2003 முதல் ஒருமுறைப் பயன்பாட்டு பானக் கொள்கலன்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை வாங்குகிறது. அங்கே விற்பவர் பலர். எங்கே வாங்கியிருந்தாலும் அருகிலுள்ள பெரிய கடையின் இயந்திரத்தில் போடலாம். மிகப் பெரும்பாலானவை திரும்பி வருகின்றன. இந்தியாவில் உற்பத்தியாளர் பொறுப்பு குறித்த விதிகள் ஏற்கனவே உள்ளன. கோவா 2024-இல் வைப்புத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. தடங்கல் நிர்வாகம் சார்ந்தது, கொள்கை சார்ந்ததன்று.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது: காசுக்காகச் செய்வது நற்செயலாகுமா? மனமாற்றத்தைக் கைவிட்டுவிடலாமா? கைவிட வேண்டியதில்லை. நீலகிரியில் நெகிழிக்கு எதிரான முதல் இயக்கம் பள்ளி மாணவரையும் மகளிர் குழுக்களையும் தன்னார்வலரையும் நம்பியே எழுந்தது. பின்வந்த சட்டங்களுக்கு மண்ணைப் பண்படுத்தியதும் அதுவே. ஆனால் மனமாற்றத்தின் சரியான இடம் தொடக்கம்தான். வார இறுதியில் ஆயிரக்கணக்கில் வந்து மறுநாள் போய்விடும் பயணியிடம் அதை எதிர்பார்ப்பது வீண். மாறிய மனம் உடையவர்கள் தம் ஆற்றலை அடுத்தவரைத் திருத்துவதில் செலவிடுவதைவிட, ஏற்பாடுகளைக் கேட்டுப் பெறுவதில் செலவிட்டால் பயன் மிகும்.

7. முடிவுரை

நான்கு நடவடிக்கைகளில் மிகக் குறைந்த பேச்சோடு மிகுந்த பலன் தந்தது வைப்புத்தொகை. தடை, மாற்று இருக்கும் இடத்தில் மட்டும் நிலைத்தது. மாற்றுப்பொருள், பலமுறை பயன்பட்டபோது மட்டும் நன்மை செய்தது. நுழைவு வரம்பு, பேருந்து வசதி உடன் வராததால் இன்னும் பாதித் திட்டமாகவே இருக்கிறது.

எனவே சூழல் திட்டம் எதுவாயினும் அறிவிக்கப்படும் முன்பே அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். பயன்படுத்திய பொருள் எந்தக் கை வழியாகத் திரும்பும்? அந்தக் கைக்குக் கூலி யார் தருவது? கவலையில்லாத, அவசரத்தில் இருக்கிற ஒருவரும் தடுமாறாமல் அந்த வழியில் போக முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ‘முடியாது’ என்பது விடையானால், அத்திட்டம் ஏற்கனவே நல்லவராக இருப்பவர்களுக்காக மட்டும் வகுக்கப்பட்டது என்று பொருள். நீலகிரியின் குப்பையையும் நெரிசலையும் அவர்கள் மட்டும் உண்டாக்கவில்லை. அவர்களால் மட்டும் தீர்க்கவும் இயலாது.