களைக்கொல்லி வரியும் கிள்ளானும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய சரக்குக்கும் ஏற்றி அனுப்பப்பட்ட சரக்குக்கும் சுங்கத்தார் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்தனர் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் பாடியிருப்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். வகுப்பில் அப்பகுதியைக் கற்பிக்கும்போது சோழநாட்டின் வளத்தையும் சுங்கத்தாரின் கடமையுணர்ச்சியையும் எடுத்துரைத்துவிட்டு மேலே செல்வது நம் வழக்கம். அந்தப் புலிமுத்திரை எதற்குச் சான்று என்று கேட்பார் அரியர். அச்சரக்கு புகார்த் துறையைக் கடந்தது என்பதற்கே அது சான்றாகும்; எங்கே பிறந்தது என்பதற்கு அன்று. அப்பாட்டிலேயே காழகத்துப் பொருளும் புகாரில் குவிந்து கிடந்ததாகக் கூறப்படுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். நம் கெடா மண்ணின் பொருளும் புலிமுத்திரை பெற்றே வெளியேறியிருக்கும் என்று எண்ணும்போது மனத்துள் ஒரு மகிழ்ச்சி எழத்தான் செய்கிறது.

ஒரு சரக்கு கடந்து வந்த துறை வேறு, அது பிறந்த இடம் வேறு. பழங்காலச் சுங்கத்துக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றியிருக்காது. நம் காலத்திலோ பல கோடி வெள்ளி வணிகம் இவ்வேறுபாட்டின்மேல் நிற்கிறது. 2002ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய ஒன்றிய மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. சீன நாட்டுக் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லிக்கு விதிக்கப்பட்டிருந்த வரியை, மலேசியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் அனுப்பப்படும் கிளைபோசேட்டுக்கும் அவ்வாணை நீட்டித்தது. மலேசியப் பொருள் என்று அறிவிக்கப்பட்டாலும் அறிவிக்கப்படாவிட்டாலும் வரி உண்டு என்பது அதன் கருத்து. நம் நாட்டின் பெயரைச் சொல்லி விதிக்கப்பட்ட அந்த வரியின் வரலாறு கிள்ளான் வட்டாரத் தமிழரோடு இரு வகையில் தொடர்புடையது. அதனை நம் மாணவர் அறிந்துகொள்வது நன்று.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு பொருளைத் தன் நாட்டில் விற்கும் விலையைக் காட்டிலும் குறைந்த விலைக்கு அயல்நாட்டுச் சந்தையில் விற்பது இறக்குமதி நாட்டின் தொழிலுக்குத் தீங்கு விளைக்குமாயின் கண்டிக்கத்தக்கது என்று உலக வணிகச் சட்டம் கருதுகிறது. இதனைத் தமிழில் ‘குவிப்பு’ என்றும், இதற்கு எதிராக இறக்குமதி நாடு விதிக்கும் கூடுதல் தீர்வையைக் ‘குவிப்பெதிர்ப்பு வரி’ என்றும் எழுதுகிறோம். குவிப்பு என்னும் சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை. குவிவது அளவைக் குறிக்கும். குற்றமோ விலையில் இருக்கிறது. எனினும் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவது எளிதன்று. இவ்வகை வரிக்குச் சட்டம் செய்த முதல் நாடு கனடா, ஆண்டு 1904. 1947ஆம் ஆண்டின் காட் உடன்படிக்கை தன் ஆறாம் விதியில் அதற்கு உலகளாவிய ஒப்புதல் அளித்தது.

இனிக் களைக்கொல்லிக்கு வருவோம். இரப்பர்த் தோட்டத்தின் பெரும்பகை லாலாங் புல் என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மண்வெட்டியால் கொத்தி எறிந்தாலும் நிலத்தடியில் ஓடும் அதன் தண்டிலிருந்து மீண்டும் முளைக்கும். ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட்டு என்னும் கொடிய பாஷாணத்தைத் தெளித்தனர். 1960களின் தொடக்கத்தில் பாரகுவாட் வந்தது. பட்ட இலையை அது கருக்கும். ஆயின் நிலத்தடித் தண்டை எட்டாது. 1970இல் அமெரிக்காவின் மொன்சாந்தோ நிறுவனத்தில் ஜான் பிரான்ஸ் என்னும் வேதியியலார் கிளைபோசேட்டின் களைகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். இலைவழி நுழைந்து வேர்வரை செல்வது அதன் சிறப்பு. ரவுண்டப் என்னும் பெயரில் 1974இல் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. பிரிட்டனில் கோதுமை வயலுக்கும், இங்கே இரப்பர்த் தோட்டத்துக்கும் அது விற்கப்பட்டது. உலகின் பெரும்பாலான உழவர் அப்பெயரைக் கேள்விப்படுமுன்பே நம் தோட்டத்துப் பெண்கள் அதனை முதுகில் சுமந்து தெளித்தார்கள் எனலாம்.

காப்புரிமை இருந்தவரை விலையைக் கண்டுபிடித்தவரே நிருணயித்தனர். அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் 1990களின் தொடக்கத்தில் அவ்வுரிமை முடிவுற்றதும் சீன ஆலைகள் அதே பொருளை மலிவாகச் செய்து அனுப்பலாயின. ஐரோப்பிய ஆலைகள் முறையிட்டன. 1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் சீனக் கிளைபோசேட்டுக்கு 24 விழுக்காடு குவிப்பெதிர்ப்பு வரி விதிக்கப்பட்டது. வரி விதித்தும் ஐரோப்பியச் சந்தையில் அதன் விலை உரியவாறு உயரவில்லை. ஏற்றுமதியாளர் வரிச்சுமையைத் தாமே விழுங்கிக்கொண்டனர் என்று முடிவு செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் வரி 48 விழுக்காடாக இரட்டிக்கப்பட்டது.

அடுத்து நடந்ததை ஊகிக்க வரலாற்றறிவு வேண்டியதில்லை. ஒரு வாய்க்காலை அடைத்தால் நீர் வேறு மடையைத் தேடும். சீனத்திலிருந்து நேரே செல்லும் வரவு சுருங்க, மலேசியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் செல்லும் வரவு பெருகியது. ஐரோப்பிய கிளைபோசேட் சங்கத்தின் வேண்டுகோளின் பேரில் 2001ஆம் ஆண்டு மே மாதம் விசாரணை தொடங்கியது. வணிகப் போக்கு மாறியிருக்கிறதா, வரியைத் தவிர அம்மாற்றத்துக்குப் போதிய பொருளாதாரக் காரணம் உண்டா என்பனவே கேள்விகள். விடை நமக்குச் சாதகமாக அமையவில்லை. முன்னர்க் கூறிய 2002ஆம் ஆண்டு ஆணை பிறந்தது. முதற்குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று போற்றுகிறோம். அரசன் சுங்கத்தைத் தவிர்த்தால் புகழ். வணிகன் தவிர்த்தால் வழக்கு.

இங்கே வேதியியல் சார்ந்த ஒரு நுட்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிளைபோசேட் தன் இயல்பில் வெண்ணிறத் தூளாகிய ஓர் அமிலம். நீரில் எளிதில் கரையாது. அதனை ஐசோபுரோப்பைல் அமீன் என்னும் பொருளோடு வினைபுரியச் செய்து உப்பாக்கி, இலையில் ஒட்டுதற்குரிய துணைப்பொருளும் நீரும் கலந்தால் கடையில் விற்கும் நீர்மம் கிடைக்கும். அவ்வாறு கிடைக்கும் நீர்மத்தில் லிட்டருக்கு 360 கிராம் அமிலம் இருப்பது பெருவழக்கு. அமிலத்தை உருவாக்கப் பெரிய ஆலை வேண்டும். உப்பாக்கிக் கலப்பதற்கு அத்துணைப் பெரிய ஆலை வேண்டா. இந்நிலையில், சீன அமிலத்தை ஒரு மலேசிய ஆலை கலந்து புட்டியில் அடைத்தால் அப்பொருள் எந்நாட்டுப் பொருள்? தேயிலைத் தூள் இலங்கையிலிருந்து வந்தாலும் பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஆற்றித் தரும் தேநீர் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்தானே என்று மாணவன் ஒருவன் வாதிட்டால் அவனை எளிதில் மடக்க முடியாது. பொருளின் பிறப்பிடம் என்பது இயற்கை உண்மையன்று. சட்டம் வரைந்த எல்லை.

அந்த ஆணையில் மலேசியாவைப் பொறுத்தவரை ஒரே ஒரு நிறுவனத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அது கிள்ளானில், காப்பார் சாலையை ஒட்டிய ஜாலான் ஹாஜி சிராட்டில் இருந்த கிராப் புரொடெக்‌ஷன் (மலேசியா) என்னும் நிறுவனம். தைவானில் சினோன் நிறுவனம் அவ்வாறே விலக்குப் பெற்றது. கிள்ளானிலிருந்து காப்பார் செல்லும் வழியில் நான் பலமுறை சென்றிருக்கிறேன். ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்து பின்னர்த் தொழிற்பேட்டைகளான அப்பகுதியில் உள்ள ஓர் ஆலையின் முகவரி, மனை எண்ணும் கல் அளவும் உட்பட, ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசிதழில் அச்சேறியது என்பது விந்தையான செய்தி.

இவ்விலக்கின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வரி நிறுவனத்தின்மேல் விழவில்லை. நாட்டின் பெயர்மேல் விழுந்தது. தன்மேல் குற்றமில்லை என்று மெய்ப்பிக்கும் கடமை ஒவ்வொரு மலேசிய ஏற்றுமதியாளருக்கும் வந்தது. கணக்கேடுகளைத் திறந்து காட்ட இயன்றவர் தப்பினர்; இயலாதவரும் முன்வராதவரும் 48 விழுக்காடு சுமந்தனர். பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் இல்லாத ஒன்றைக் கற்பித்தனர் என்று நான் கூறமாட்டேன். சுற்றுவழி மெய்யாகவே இருந்தது. நாட்டின் பெயரை வாடகைக்கு விடுவதால் வரும் ஆதாயம் சிலருக்கு, அவப்பெயர் எல்லாருக்கும். ஆயினும் குற்றமற்றவனே சான்று தேடி அலைய வேண்டும் என்னும் முறையை நீதி என்று ஏற்க மனம் ஒப்பவில்லை.

இத்தகைய நீட்டிப்புக்கு உலகம் முழுதும் ஒப்பிய விதி எதுவும் இல்லை என்பதும் அறியத்தக்கது. 1987இல் ஐரோப்பியச் சமூகம் ஜப்பானிய உதிரிப்பாகங்களை ஐரோப்பாவிலேயே பூட்டி விற்ற ஆலைகளுக்கு எதிராக இவ்வகைச் சட்டம் செய்தது. ஜப்பான் முறையிட, 1990இல் காட் நடுவர் குழு ஜப்பான் பக்கம் தீர்ப்பளித்தது. 1994இல் மராக்கேசில் உலக நாடுகள் கூடியபோதும் இதில் உடன்பாடு காண இயலாமல், ஒரு குழுவின் ஆய்வுக்கு விட்டுவிட்டன. ஆகவே ஒவ்வொரு வல்லரசும் தன் விதியைத் தானே எழுதிக்கொண்டது.

தமிழர்க்குரிய மற்றொரு தொடர்பு இனி வருகிறது. குவிப்பெதிர்ப்பு வரி விதிக்க இரண்டு மெய்ப்பிக்கப்பட வேண்டும்: ஒன்று, குறைவிலை; மற்றொன்று, தீங்கு. தீங்கு என்பது உள்நாட்டு ஆலையின் விற்பனை, இலாபம், வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு நேரும் தீங்கு. சட்டத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. ஐரோப்பாவில் ஓர் ஆலையின் இலாபம் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கணக்கர் அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், நம் தோட்டங்களில் முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து, பெரும்பாலும் கையுறையும் முகமூடியும் இன்றி, நாள்தோறும் மருந்தடித்த பெண்களுக்கு நேர்ந்த தீங்கை அளந்தவர் மிகச் சிலர். 2002ஆம் ஆண்டிலேயே தெனாகனித்தா அமைப்பும் பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லிச் செயற்பாட்டு வலையமும் தோட்டப் பெண்களிடையே நடத்திய ஆய்வு நூலாக வெளிவந்தது. மூக்கில் இரத்தம் வடிதல், நகம் கழலுதல், தோல் வெந்துபோதல் என நம் அன்னையரும் தமக்கையரும் ‘மருந்து வேலையில் அப்படித்தான்’ என்று பொறுத்துக்கொண்டவை அதில் எழுத்தில் ஏறின. அதில் தெனாகனித்தாவின் ஐரின் பெர்னாண்டஸ் ஆற்றிய பணி மறக்கத்தக்கதன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் பாரகுவாட்டுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் தடை தளர்ந்தது. இறுதியில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல்தான் அது முற்றிலும் விலக்கப்பட்டது. கிளைபோசேட் பாரகுவாட்டைப் போல் உடனே கொல்வதன்று. ஆயினும் புற்றுநோய் விளைக்கக் கூடும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதனை வகைப்படுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் அதற்கு மாறான முடிவை வெளியிட்டது.

வரியின் பிற்கதையைச் சுருங்கக் கூறலாம். 2004இல் வரி 29.9 விழுக்காடாகத் திருத்தப்பட்டது. மலேசியாவுக்கும் தைவானுக்கும் நீட்டிப்புத் தொடர்ந்தது. கிள்ளான் ஆலையின் விலக்கும் தொடர்ந்தது. பின்னர்ச் சந்தை நிலை மாறியதால் 2009 மே மாதத்தில் வரி நிறுத்திவைக்கப்பட்டது. 2010 திசம்பரில் வழக்கு முழுதும் முடிக்கப்பட்டது.

நாமும் வரி செலுத்தும் பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை. மலேசிய நாடாளுமன்றம் 1993இலேயே ஈட்டுத் தீர்வை, குவிப்பெதிர்ப்புத் தீர்வைச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் கீழ் 2025 மே மாதத்தில், புட்டி செய்யப் பயன்படும் பெட் என்னும் வேதிப்பொருளுக்கு, சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருமாயின் ஐந்தாண்டுக்கு வரி என்று முதலீடு, வணிகம், தொழில் அமைச்சு அறிவித்தது. பிறநாட்டுச் சரக்குகள் மலேசியப் பெயரில் அமெரிக்கா செல்கின்றன என்னும் குற்றச்சாட்டும் அதே காலத்தில் எழுந்தது. அதனால் 2025 மே 6ஆம் நாள் முதல், அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் பொருள்களுக்குரிய பிறப்பிடச் சான்றிதழை அமைச்சு மட்டுமே வழங்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதுவரை அதனை வழங்கிவந்த வணிகச் சங்கங்களின் பொறுப்பு அந்நாளோடு முடிந்தது.